சந்தேகத்துக்குரிய எக்ஸ்இ கோப்பு: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு எக்ஸ்இ கோப்பு, அதாவது திறந்தால் நிரலாக ஓடும் கோப்பு, கிடக்கிறது. யாரோ அனுப்பியது, அல்லது வேறு எதையோ தேடப்போய் இறங்கியது. திறக்கலாமா, அழித்துவிடலாமா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான். கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸில் ஒருமுறை ஸ்கேன் செய்வார்கள், பச்சை டிக் வந்ததும் இரட்டைக் கிளிக் செய்துவிடுவார்கள். அந்தப் பச்சை டிக் எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரிந்திருந்தால் விரல் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இப்படிப்பட்ட கோப்பைச் சோதிக்க இன்று இலவசமாகவே ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இதை யாராவது ஏற்கெனவே பிடித்திருக்கிறார்களா என்பது ஒரு கேள்வி. இதைச் செய்தது யார் என்பது இன்னொன்று. ஓடவிட்டால் என்ன செய்யும் என்பது மூன்றாவது. இது நிச்சயமாக நல்ல கோப்புதானா என்று கேட்டால் மட்டும் எந்தக் கருவியாலும் முழுப் பதில் தர முடியாது. எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்று ஃப்ரெட் கோஹன் 1980களிலேயே கணித முறையில் நிரூபித்துவிட்டார். ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியது, எந்தக் கருவி நல்லது என்பதை விட, உங்கள் நிலைமையில் எந்தக் கேள்வி முக்கியம் என்பதைத்தான்.

அதற்கு முன் ஒன்று. அந்தக் கோப்பை ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? ஓட்டியாகிவிட்டது என்றால் செய்ய வேண்டியவற்றின் வரிசையே மாறிவிடும். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். இன்னும் ஓட்டவில்லை என்றால் பதற ஒன்றுமில்லை. டிஸ்கில் கிடக்கும் எக்ஸ்இ தானாக எழுந்து ஓடிவிடாது. நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

கருவிகளுக்கு முன் கண்

ஃபைல் எக்ஸ்புளோரரில் கோப்புகளின் நீட்சியைக் காட்டும் அமைப்பை இயக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதை இயல்பாக மறைத்தே வைக்கிறது. பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ என்ற பெயரில் ஒரு கோப்பை அனுப்பி, அதற்குப் பிடிஎஃப் ஐகானையும் ஒட்டிவிட்டால், உங்கள் கண்ணுக்கு பில்.பிடிஎஃப் என்று மட்டும்தான் தெரியும். எஸ்சிஆர் என்ற ஸ்கிரீன்சேவர் நீட்சியும் உள்ளே எக்ஸ்இதான். ஆவணம் என்றோ புகைப்படம் என்றோ சொல்லி வந்த கோப்பு நிரலாக இருந்தால், மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை. பில்லை எக்ஸ்இ ஆக்கி அனுப்ப நேர்மையான காரணம் எதுவும் கிடையாது. அழித்துவிடுங்கள்.

கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு வந்து, அதன் கடவுச்சொல்லும் அதே மெயிலில் இருந்தாலும் இதே முடிவுதான். கடவுச்சொல்லை அதே கடிதத்தில் எழுதினால் ரகசியம் எதையும் காக்க முடியாது. வழியில் இருக்கும் ஸ்கேனர்கள் ஜிப்பைத் திறந்து பார்த்துவிடாமல் தடுக்க மட்டுமே அது உதவும். அதேபோல, 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்' என்று எழுதிய ரீட்மீ கோப்பு கூடவே வந்தால், எழுதியவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ்

கோப்பின் மேல் வலது கிளிக் செய்து மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஸ்கேன் செய்வது சில விநாடி வேலை. செய்துவிடுங்கள். ஆனால் அது சொல்வதை ஒருபக்கமாகத்தான் நம்ப வேண்டும். டிஃபெண்டர் சிவப்பு காட்டினால் அதற்கு எடை அதிகம். ஒன்றும் சொல்லாவிட்டால் எடை மிகக் குறைவு. காரணம் எளிது: இன்றைய விண்டோஸ் கணினிகளில் அதுதான் கூடவே வரும் காவல்காரர். மால்வேர், அதாவது தீங்கு செய்யும் நிரல், எழுதுபவர் தன் கோப்பை வெளியே விடுமுன் முதலில் அதைத் தாண்டுகிறதா என்றுதான் பார்ப்பார். வெளியே வந்த முதல் சில மணி நேரத்தில் அது அமைதியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வேறொரு ஸ்கேனரை இரண்டாவது கருத்துக்காக இறக்கிப் போடலாம். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸ், ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர் போன்றவை இந்த வகை. முழுக் கணினியையும் அலச இவை உதவும். ஒரே ஒரு கோப்பைப் பற்றிய சந்தேகத்துக்கு இவற்றை ஒவ்வொன்றாக நிறுவுவது நேர விரயம், ஏனென்றால் அடுத்து வரும் வழி அதே வேலையை எழுபது ஸ்கேனர்களோடு செய்துவிடும். சேஃப்டி ஸ்கேனரை இறக்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், மறுபடி புதிதாக இறக்க வேண்டும்.

வைரஸ்டோட்டல்: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

ஸ்பெயினில் 2004இல் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய சேவை இது. கோப்பைப் பதிவேற்றினால் எழுபதுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ் எஞ்சின்களிடம் காட்டி, எத்தனை பேர் பிடித்தார்கள் என்று சொல்லும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான முதல் கருவி. அதே சமயம், இதைவிட அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் கருவியும் வேறில்லை.

என் சித்தி மகன் ஒரு மாலை இரண்டு கோப்புகளின் முடிவை அனுப்பிவைத்தான். முதல் கோப்பு, நிறையப் புகைப்படங்களுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றும் பழைய குட்டி நிரல். 71இல் 6 பேர் சிவப்பு காட்டியிருந்தார்கள். இரண்டாவது, ஒரு வீடியோ எடிட்டரின் 'முழுப் பதிப்பு'. 68இல் 2 பேர் மட்டும். "அண்ணா, முதல்ல சொன்னது வேணாம். ரெண்டாவதுல ரெண்டுதான் சிவப்பு, அதை ஓட்டிடவா?" என்று கேட்டான். நான் இரண்டையும் திறந்து எண்ணுக்குக் கீழே இருந்ததைப் படித்தேன்.

முதல் கோப்பின் ஆறு சிவப்புகளில் எதிலும் ஒரு மால்வேர் குடும்பத்தின் பெயர் இல்லை. 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்', இயந்திரக் கற்றல் மதிப்பெண் என்று பொதுப்பெயர்கள்தான். ஒன்று 'பியூஏ' என்றிருந்தது. வேண்டாத நிரலாக இருக்கலாம் என்பதற்கான முத்திரை அது, மால்வேர் என்ற தீர்ப்பு அல்ல. விவரங்கள் பக்கத்தில் முதல்முறை பதிவேற்றப்பட்ட தேதி 2016. இத்தனை வருடம் பல பேர் கண்ணில் பட்டும் பெரிய எஞ்சின்கள் எதுவும் அதைப் பிடிக்கவில்லை.

இரண்டாவது கோப்பு வைரஸ்டோட்டலுக்கு முதலில் வந்ததே அன்று மதியம்தான். பிடித்த இரண்டில் ஒன்று, தகவல் திருடும் வகை என்று குறிப்பாகப் பெயர் சொல்லியிருந்தது. கையொப்பம் இல்லை. எனக்கு உறுத்தியது அதன் அளவு. இறக்கிய ஜிப் 7 எம்பி. விரித்ததும் 540 எம்பி. உள்ளே உண்மையான தரவு இருந்தால் இவ்வளவு சுருங்காது. கோப்பின் வாலில் வெறும் பூச்சியங்களைக் கோடிக்கணக்கில் நிரப்பி ஊதவைத்திருந்தார்கள். பெரிய கோப்புகளைப் பல ஸ்கேனர்கள் முழுதாகப் பார்க்காமல் விட்டுவிடும் என்பதால் செய்யும் வேலை இது. வைரஸ்டோட்டலே 650 எம்பிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. அதைத் தாண்டும்படி ஊதவைக்கும் ஆட்களும் உண்டு. அவனிடம் ஓட்டாதே என்றேன். இரண்டு நாள் கழித்து மறு ஆய்வு கொடுத்துப் பார்த்தோம்: 2 இருந்த இடத்தில் 39.

அதாவது எண் என்பது கோப்பின் வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. வயதான கோப்பில் ஐந்தாறு பொதுப்பெயர்ச் சிவப்புகள் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. இன்று பிறந்த கோப்பில் பூச்சியம் சிவப்பு என்றாலும் அது நற்சான்று ஆகாது. இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பக்கத்தில் தெரியும் முடிவு எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் கவனியுங்கள். பழைய முடிவாக இருந்தால் மறு ஆய்வுப் பொத்தானை அழுத்தினால்தான் இன்றைய நிலை தெரியும்.

நல்ல நிரல்கள் ஏன் சிக்குகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தமாக நிரல் எழுதி நண்பர்களுக்குக் கொடுப்பவர்கள் இதில் மிகவும் மனம் நொந்துபோகிறார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியதை எக்ஸ்இ ஆக்க பைஇன்ஸ்டாலர் என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். அது உருவாக்கும் எல்லா எக்ஸ்இகளிலும் முன்பகுதி கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மால்வேர் எழுதுபவர்களும் அதே கருவியைப் பயன்படுத்துவதால், அந்த முன்பகுதியைப் பார்த்ததுமே சில எஞ்சின்கள் சிவப்பு காட்டிவிடுகின்றன. ஆட்டோஐடி கொண்டு செய்த நிரல்களுக்கும், யுபிஎக்ஸ் கொண்டு சுருக்கியவற்றுக்கும் இதே கதிதான். பெரிய நிறுவனங்களும் தவறும். 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்து, எத்தனையோ அலுவலகக் கணினிகளை முடக்கிப் போட்டது.

பதிவேற்றலாமா, ஹேஷ் மட்டும் கொடுக்கலாமா?

வைரஸ்டோட்டலில் பதிவேற்றும் கோப்பு உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டும் நின்றுவிடாது. பாதுகாப்பு நிறுவனங்களோடு அது பகிரப்படும்; கட்டணச் சந்தாதாரர்கள் அதை இறக்கிப் பார்க்கலாம். இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் இன்ஸ்டாலர் என்றால் இதில் பிரச்சினை இல்லை. ஆனால் அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் நிரல், வாடிக்கையாளர் தகவல் உள்ளே பொதிந்த கோப்பு, இன்னும் வெளியிடாத உங்கள் சொந்த நிரல் ஆகியவற்றை அங்கே ஏற்றக் கூடாது. ஏற்றிய பிறகு திரும்பப் பெறுவது எளிதல்ல.

அதற்கு மாற்று, ஹேஷைத் தேடுவது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, கோப்பை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு என்டர் அழுத்துங்கள். 64 எழுத்துகள் கொண்ட எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் வரும். அதை நகலெடுத்து வைரஸ்டோட்டலின் தேடல் பெட்டியில் ஒட்டினால், அதே கோப்பை உலகில் வேறு யாராவது ஏற்கெனவே பதிவேற்றியிருந்தால் அந்த முடிவு அப்படியே கிடைக்கும். உங்கள் கோப்பிலிருந்து ஒரு பைட் கூட வெளியே போவதில்லை. நான் எப்போதும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால்? அதுவும் ஒரு தகவல்தான். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் பிரபலமான நிரலின் இன்ஸ்டாலர் என்று சொல்லிக்கொள்ளும் கோப்பை இதுவரை ஒருவர்கூடப் பதிவேற்றியதில்லை என்றால், அது அந்த நிரல்தானா என்றே சந்தேகப்பட வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு: சில தளங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இன்ஸ்டாலரை உருவாக்கித் தருவதால் ஹேஷ் ஆளுக்கு ஆள் மாறும். அந்த இடத்தில்தான் கையொப்பம் கைகொடுக்கிறது.

டிஜிட்டல் கையொப்பம்

கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ். அங்கே விவரங்கள் என்ற தாவலில் 'மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்' என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நிரல் எழுதுபவர் அதில் என்ன வேண்டுமானாலும் தட்டலாம். டிஜிட்டல் கையொப்பங்கள் என்று ஒரு தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெயரைத் தேர்ந்து விவரங்கள் பொத்தானை அழுத்துங்கள். கையொப்பம் சரியாக உள்ளது என்று விண்டோஸ் சொன்னால் இரண்டு விஷயம் உறுதி: அந்தப் பெயருக்கு வழங்கிய சான்றிதழால் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அதன் பிறகு கையொப்பம் காக்கும் பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. தாவல் இருப்பதோடு நின்றுவிடாதீர்கள். செல்லாத கையொப்பத்தை ஒட்டிவைத்து வரும் கோப்புகளும் உண்டு, அவற்றிலும் தாவல் தெரியும். பெயரையும் முழுதாகப் படியுங்கள். உலகறிந்த நிறுவனத்தின் நிரலில், கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனியின் கையெழுத்து இருந்தால் அது மோசமான அறிகுறி.

கையெழுத்து இல்லாத கோப்பை எப்படி எடுத்துக்கொள்வது? செய்தவர் யார் என்பதைப் பொறுத்தது. சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருப்பதால், தனி ஆட்களும் சிறு குழுக்களும் பெரும்பாலும் வாங்குவதில்லை. அவர்களின் நிரலில் அது இல்லாதது குற்றமில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால், என் கணக்கில் அத்தோடு விசாரணை முடிந்தது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் மட்டும் இந்தத் தாவலே தெரியாது, அவற்றின் கையொப்பம் வேறொரு பட்டியல் கோப்பில் இருப்பதால். அவற்றைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் சிக்செக் என்ற கருவி உதவும்.

சரியான கையொப்பம் இருந்தும் ஏமாந்த கதைகள் உண்டு. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையெழுத்திடப்பட்டிருந்தது. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் நிரலின் 5.33 பதிப்பில் பின்கதவு, அதாவது ரகசியமாக நுழையும் வழி, வைத்தது கட்டுமான நிலையிலேயே நடந்ததால், நிறுவனத்தின் உண்மையான கையொப்பத்தோடு, அதன் உண்மையான தளத்திலிருந்தே 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வகைத் தாக்குதலை வீட்டில் உட்கார்ந்து எந்தச் சோதனையாலும் பிடிப்பது கடினம். ஆனால் அவை அரிதானவை. அன்றாடம் நம்மிடம் வந்து சேரும் குப்பைகளை வடிகட்ட, வைரஸ்டோட்டலோடு கையொப்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது எவ்வளவோ உதவும்.

ஓடவிட்டுப் பார்க்கும் தளங்கள்

ஹைப்ரிட் அனாலிசிஸ், எனி ரன், ஜோ சாண்ட்பாக்ஸ் போன்ற தளங்கள் உங்கள் கோப்பைத் தங்கள் கணினியில் ஓடவிட்டு, அது செய்ததையெல்லாம் எழுதித் தருகின்றன. எனி ரன்னில் திரையையே பார்த்து, நீங்களே கிளிக் செய்யவும் முடியும். புதிதாகப் பிறந்த, இன்னும் யாரும் பெயரிடாத கோப்புக்கு இதுதான் உருப்படியான வழி. இலவசக் கணக்கில் எனி ரன்னில் செய்யும் ஆய்வுகள் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில்தான் இருக்கும் என்பதால், வைரஸ்டோட்டலுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

அறிக்கை நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். நான் தேடுவது சில காட்சிகளை மட்டும்: டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் தன்னையே சேர்த்துக்கொள்கிறதா, பவர்ஷெல்லை எழுப்பி நீளமான, படிக்க முடியாத கட்டளை ஒன்றைக் கொடுக்கிறதா, பிரவுசர் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கோப்பைத் திறக்கிறதா, டெலிகிராமில் 'பாட்' எனப்படும் தானியங்கிக் கணக்குக்கு எதையாவது அனுப்புகிறதா. பெயர் மாற்றும் நிரலுக்கோ வீடியோ எடிட்டருக்கோ உங்கள் குரோமின் கடவுச்சொல் கோப்பில் என்ன வேலை? இவற்றில் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே போதும். ரெஜிஸ்ட்ரியில் எழுதுவது, டெம்ப் ஃபோல்டரில் கோப்புகளை விரிப்பது, இணையத்தில் புதுப்பிப்பு தேடுவது போன்றவை நல்ல இன்ஸ்டாலர்களும் செய்பவை. அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. இந்தத் தளங்கள் ஒரு கோப்பைச் சில நிமிடங்களே ஓடவிடுகின்றன. மெய்நிகர்க் கணினியில், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினியில், ஓடுகிறோம் என்று கண்டுகொண்டு சும்மா இருந்துவிடும் மால்வேர்கள் ஏராளம். 2020இல் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நடந்த தாக்குதலில் இருந்த சன்பர்ஸ்ட் என்ற மால்வேர், கணினிக்குள் நுழைந்த பிறகு இரண்டு வாரம் வரை எதுவும் செய்யாமல் காத்திருந்தது. ஆகவே இங்கேயும் கெட்ட நடத்தை தெரிந்தால் நம்பலாம், எதுவும் தெரியாவிட்டால் அரைகுறையாகத்தான் நம்பலாம்.

நீங்களே ஓடவிட்டுப் பார்ப்பது

விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து ப்ரோ, என்டர்பிரைஸ் வகைகளில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஹோம் வகையில் கிடையாது. திறந்தால் புத்தம்புது விண்டோஸ் ஒன்று ஒரு ஜன்னலுக்குள் வரும்; மூடினால் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். ஹோம் வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர்க் கணினி நிரலில் ஒரு விண்டோஸை நிறுவி, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டை முன்கூட்டியே எடுத்துவைத்து இதையே செய்யலாம்.

இந்த வழியைப் பலரும் உயர்த்திப் பேசுகிறார்கள். சோதனை என்ற அளவில் எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தகவல் திருடும் மால்வேரை உள்ளே ஓட்டிப் பாருங்கள்: ஒரு பொய்யான பிழைச் செய்தி வரும், அல்லது ஒன்றுமே வராது. 'நிரல் ஓடவில்லை போலிருக்கிறது' என்று நினைத்து, உண்மையான கணினியில் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அதுதான் பெரிய ஆபத்து. நிரல்கள் செய்வதையெல்லாம் பதிவுசெய்யும் ப்ராசஸ் மானிட்டர் போன்ற கருவியை உள்ளே வைத்து, அது காட்டும் ஆயிரக்கணக்கான வரிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல ஆய்வுக்கூடம். மற்றவர்களுக்கு இது ஒரு தடுப்புச் சுவர் மட்டுமே. நம்பிக்கை இல்லாத நிரலை ஒரே ஒரு தடவை பயன்படுத்தியே ஆக வேண்டும், பிறகு தேவையில்லை என்றால், அதற்கு மிகப் பொருத்தம். அப்போதும் சாண்ட்பாக்ஸில் நெட்வொர்க்கும் கிளிப்போர்டும் இயல்பாகத் திறந்தே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அமைப்புக் கோப்பு எழுதி இரண்டையும் மூடிவிட்டு ஓட்டுங்கள். நகலெடுத்துவைத்த கடவுச்சொல் கிளிப்போர்டு வழியாக உள்ளே போய்விட்டால் சுவர் எழுப்பி என்ன பயன்?

உங்கள் நிலைமைக்கு எது?

பிரபலமான நிரலின் இன்ஸ்டாலர், எங்கிருந்து இறங்கியது என்று நினைவில்லை என்றால் கையொப்பத்தைப் பாருங்கள். சரியான பெயர் இல்லை என்றால் சோதித்துக்கொண்டே இருக்காமல் கோப்பை அழித்துவிட்டு, அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நேரே போய் மறுபடி இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தவிர்த்துவிடுங்கள். போலி இன்ஸ்டாலர்கள் அங்கே காசு கொடுத்து இடம் பிடிக்கின்றன. இந்த 'அழித்துவிட்டு மறுபடி இறக்குவது' என்ற வழியை யாரும் சோதனைகளின் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட சந்தேகங்களை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைப்பது அதுதான்.

யாரோ ஒருவர் எழுதிய சிறு கருவி, கையொப்பம் இல்லை என்றால் ஹேஷை வைரஸ்டோட்டலில் தேடி, வயதையும் சிவப்புகளின் பெயர்களையும் படியுங்கள். வயதானது, பொதுப்பெயர்கள் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. புதியது என்றால் அவசரம் இல்லாத பட்சத்தில் இரண்டு மூன்று நாள் விட்டு மறு ஆய்வு கொடுங்கள். எதுவும் செலவில்லாத சோதனை காத்திருப்பது. அவசரம் என்றால் ஓடவிட்டுப் பார்க்கும் தளம்.

விலை உள்ள நிரலைக் காசில்லாமல் ஓடவைக்கும் கிராக், உரிமக் குறியீட்டைப் போலியாக உருவாக்கும் கீஜென், கணினி விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் 'சீட்' நிரல் என்றால், எந்தச் சோதனையும் உங்களுக்குத் தெளிவு தராது. இவற்றின் நல்ல பிரதிகளைக்கூட எஞ்சின்கள் சிவப்பாகக் காட்டும், கெட்ட பிரதிகளும் சிவப்பாகத்தான் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லாத இடத்தில்தான் தகவல் திருடர்கள் கடை விரிக்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

அலுவலகக் கணினியில் வந்த கோப்பு என்றால் நீங்களே எதையும் பதிவேற்ற வேண்டாம். ஐடி பிரிவிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தைக் குறிவைத்தே செய்த கோப்பாக இருந்தால், பொதுத் தளத்தில் அது தோன்றுவதே அனுப்பியவருக்குச் சேதி சொல்லிவிடும்.

இறக்கிய கோப்பாக இல்லாமல், டாஸ்க் மேனேஜரில் ஏதோ ஒரு பெயரைப் பார்த்துச் சந்தேகம் வந்திருந்தால், பெயரை விட்டுவிட்டு இருப்பிடத்தைப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் பத்து இருபது ஓடுவது சகஜம். அவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64இல் இருக்க வேண்டும். அதே பெயர் ஆப்டேட்டா ஃபோல்டரிலோ டெம்ப் ஃபோல்டரிலோ இருந்து ஓடினால் அது வேறு ஆள். சிஸ்இன்டர்னல்ஸின் ப்ராசஸ் எக்ஸ்புளோரரில், ஓடும் எல்லா நிரல்களின் ஹேஷையும் வைரஸ்டோட்டலில் ஒரே மூச்சில் தேடும் வசதி இருக்கிறது. ஒரு நெடுவரிசையில் எண்கள் வந்து விழும், சிவப்பானவை தனியாகத் தெரியும்.

ஏற்கெனவே ஓட்டியாகிவிட்டது என்றால்

இங்கே கோப்பைச் சோதிப்பது இரண்டாம் வேலை. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து, போனாக இருந்தாலும் சரி, மெயில், வங்கி, சமூக வலைத்தளக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் சாவியும் அங்கேதான் வந்து சேர்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. இன்றைய தகவல் திருடர்கள் நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீகளையும் சேர்த்து எடுத்துப் போகிறார்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் அமர்வு அவர்கள் கையில் இருந்தால் கடவுச்சொல்லும் ஓடிபியும் அவர்களுக்குத் தேவைப்படாது. ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற பொத்தானைத் தேடி அழுத்துங்கள்.

அதன்பிறகு அதே வேறு கருவியில், அந்தக் கோப்பின் பெயரையோ இறக்கிய இடத்தையோ வைத்து ஆராயலாம். பாதிக்கப்பட்ட கணினியில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் எழுமுன்பே ஓடுவதால் ஒளிந்துகொள்ள இடம் குறைவு, சுமார் 15 நிமிடம் ஆகும். ஓடியது தகவல் திருடர் என்றோ, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வகை என்றோ தெரிந்தால், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் ஆவணங்களையும் புகைப்படங்களையும் மட்டும் வெளி டிஸ்கில் எடுத்துக்கொண்டு, எக்ஸ்இ ஒன்றைக்கூடச் சேர்க்காமல், விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவுங்கள். நிறுவி முடித்த பிறகே அந்தக் கணினியில் உங்கள் கணக்குகளுக்குள் மறுபடி நுழையுங்கள்.